ஐந்து நாள் மாத்திரை

எங்கள் தெருவில் என் மாமாவுக்கு 'அஞ்சு நாள் டாக்டர்' என்று பெயர். டாக்டருக்குப் படித்தவர் இல்லை. மருந்துக்கடையில் இருபத்தாறு வருஷம் நின்றவர், அவ்வளவுதான். தொண்டை கரகரக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால் போதும், மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கமாட்டார். "அஞ்சு நாள். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. கிருமி ஓடிப்போயிடும்" என்று மாத்திரை அட்டையைக் கத்தரித்து நீட்டிவிடுவார். டாக்டர் சீட்டு கேட்கிற பழக்கமே கிடையாது. பக்கத்தில் நின்று அதைக் கவரில் போட்டுக் கொடுத்தவன் நான். எனவே யோக்கியன் வேஷம் போடப் போவதில்லை.

அவர் மனைவி என் அக்கா. அக்காவுக்குப் பல் பிடுங்கினார்கள். மாமா ஐந்து நாள் கொடுத்தார். வீக்கம் வடியவில்லை என்று அதைவிடப் பெரிய மாத்திரையாக இன்னொரு ஐந்து நாள் கொடுத்தார். அதன்பின் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. அதற்கும் அவரே வைத்தியம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அக்கா பாதியாகியிருந்தாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமைசாலி. "குடல்ல கோடிக்கணக்குல நல்ல பாக்டீரியா இருக்கு. சாப்பாட்டைப் பக்குவப்படுத்துறதும், கெட்டதை அண்ட விடாம பாத்துக்கிறதும் அதுங்கதான். மாத்திரை மேல மாத்திரை போட்டதுல அதுங்க செத்துப்போய், ஒரு கெட்ட கிருமி மட்டும் பெருகிடுச்சு" என்றார். இரண்டு தடவை மருந்து கொடுத்துக் குணமாக்கினார்கள். இரண்டு தடவையும் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை டாக்டரம்மா கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தை வாங்கி, கரைத்து வடிகட்டி, அக்காவின் குடலுக்குள் குழாய் வழியாக விடவேண்டும். அதிலிருக்கும் நல்ல பாக்டீரியா அங்கே போய்க் குடியேறினால் பிழைத்துக்கொள்வாள்.

"நான் தர்றேன்" என்று மாமா உடனே எழுந்து நின்றார். அவருக்கு ஜலதோஷம்கூட வராது. ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்தவர், தான் ஒன்றைக்கூட விழுங்கியதில்லை.

அக்காவிடம் சொன்னபோது சிரித்தாள். "இருபத்தெட்டு வருஷம் வடிச்சுக் கொட்டினேன். மனுஷன் திருப்பிக் குடுக்கப்போறது இதைத்தானா?" மாமாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

ரத்தம், மலம் எல்லாம் சோதித்துப் பார்த்ததில் மாமா தேறிவிட்டார். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். உணவு ஆலோசகர் அவருக்கு ஒரு தாள் கொடுத்தார். தோலோடு பருப்பு, விதவிதமான காய், கீரை, பழம், தயிர். "நார்ச்சத்துதான் அந்த பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. அதுங்களப் பட்டினி போட்டுடாதீங்க" என்றார்.

"கிருமிக்கு நான் சோறு போடணுமாம், மாப்ளே" என்று வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டி, ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டார். தாளின் பின்பக்கத்தை அவர் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

குறித்த நாளில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டப்பாவோடு வந்தார். டாக்டரம்மா சும்மா ஒரு வார்த்தை கேட்டுவைத்தார். "நடுவுல மாத்திரை எதுவும் போடலயே?"

"அஞ்சு நாள் போட்டேன் மேடம்" என்றார் மாமா, பெருமையாக. "கடையிலேயே பெருசு எதுவோ அதை. என் வயித்துல ஏதாவது கிருமி இருந்து அவளுக்குப் போயிடக் கூடாதுல்ல? சுத்தமா கொண்டுவந்திருக்கேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எதைக் கேட்டோமோ அதையே கொன்னுட்டீங்களேய்யா. மாத்திரை கூடாதுன்னு தாளுக்குப் பின்னாடியே போட்டிருக்கே. இனி நீங்க குடுக்கணும்னா மூணு மாசம் ஆகணும்."

வராந்தாவில் வைத்து மாமாவைக் கண்டபடி திட்டினேன். சட்டையைப் பிடித்தேன். அவர் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். பிறகு, "நான் தர்றேன்" என்று உள்ளே ஓடினேன். "மூணு மாசத்துக்குள்ள மாத்திரை?" என்று கேட்டார் டாக்டரம்மா. போன மாதம் இருமலுக்கு மாமா தந்த ஐந்து நாள் ஞாபகம் வந்தது. அக்கா மகளும் சாப்பிட்டிருந்தாள். தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். சம்மதித்தவர்கள் எல்லோரும் எங்கள் கடை வாடிக்கை. வேறு ஆஸ்பத்திரிகளிலும் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

அக்கா அவரைக் கோபிக்கவில்லை. "தெரிஞ்சா செஞ்சார்? விடுடா" என்றாள். "எனக்குன்னு ஒண்ணு செய்யறப்பத்தான் இந்த மனுஷன் அளவுக்கு மீறிச் செய்வார்."

மாமா டப்பாவோடு வந்ததிலிருந்து முப்பத்தெட்டாம் நாள் அக்கா போய்விட்டாள்.

மாமா கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஃபிரிட்ஜில் இருந்த தாள் மட்டும் அப்படியே இருந்தது. ஆறிப்போன கீரையையும் பருப்பையும் அதைப் பார்த்துப் பார்த்துத் தின்றுகொண்டிருந்தார். ஒரு வாரம் கடைவாய்ப் பல் வீங்கிக் கன்னம் உப்பிவிட்டது. நான் மாத்திரை கொண்டுபோனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினார். நல்லா அனுபவிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். என் கோபம் அப்படி.

ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அதே வெள்ளைச் சட்டை, தொளதொளவென்று தொங்கியது. கையில் டப்பா. எதுவும் கேட்காமல் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு பெண் இருந்தாள். டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு, "நோயாளி யாரு? உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"யாருக்காவது குடுங்கம்மா" என்றார். "தொண்ணூறு நாளாச்சு. ஒண்ணுகூடப் போடல."