துரை விட்டுப்போன நாய்

1981 மார்ச் 14, சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். அம்மா விடியுமுன் பால்மரம் சீவப் போனாள். அப்பா துரை பங்களாவுக்குப் போனார். அங்கே அவர் பூச்செடிகளைப் பார்க்கும் தோட்டக்காரர். நான் வீடு கூட்டித் தண்ணீர் பிடித்து வைத்தேன். எல்லாம் வழக்கப்படி. வழக்கத்தில் சேராதது வாசல் தூணில் கட்டிக் கிடந்தது.

அது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் நாய். சொந்த நாட்டுக்கே திரும்பிப் போன துரை, அந்த வாரம் அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கன்றுக்குட்டி உயரம். மாட்டிறைச்சி தவிர எதையும் முகர்ந்துகூடப் பார்க்காது. எங்கள் வீட்டிலோ அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அம்மா வைத்த கருவாட்டுச் சோற்றில் ஈ மொய்த்தது. நாயின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

மாலையில் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சைக்கிளை நிறுத்திச் சிரித்தார்.

“வெள்ளை யானை வந்து சேந்திருக்கு லா!”

“தவிட்டு நிறத்துல நிக்குது, வெள்ளையாம்” என்றாள் அம்மா.

“இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்லுவாங்க தங்கச்சி. சயாம் ராஜாவுக்கு ஒருத்தன் மேல கோவம்னா அடிக்க மாட்டாராம். வெள்ளை யானையைப் பரிசா குடுப்பாராம். சாமி யானை. வேலை வாங்கக் கூடாது, விக்கக் கூடாது, வேணாம்னும் சொல்லக் கூடாது. தீனி போட்டே அவன் ஓட்டாண்டி!”

அவர் போனதும் நான் வாசல் தூணருகே ஓடினேன். நாய்க்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேன்:

“துரைக்கு உங்க மேல கோவமாப்பா?”

“கோவமா? புறப்படுறப்போ அழுதாரும்மா. என்னைப் பாத்து இல்ல, இதைப் பாத்து.”

கேட்டதற்கு அது எப்படிப் பதிலாகும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

அப்பா டவுனில் பாய் சாப்பாட்டுக் கடைக்குப் போய் மாட்டெலும்பு வாங்கி வந்தார். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

“அது என் அடுப்புல ஏறாது. சொல்லிட்டேன்.”

அப்பா பொட்டலத்தைக் கொல்லைப்புறக் கொடியில் தொங்கவிட்டார். நாய் அதையே பார்த்தபடி கிடந்தது.

மறுநாள் காலை புகை வாடையில் விழித்தேன். கொல்லையில் மூன்று கல் வைத்து, பழைய தகர டின்னில் எலும்பு கொதித்துக்கொண்டிருந்தது. துண்டால் மூக்கை இறுகக் கட்டிக்கொண்டு அம்மா நெருப்பை ஊதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துண்டைச் சற்று இறக்கினாள்.

“சாப்புடுன்னு இங்கிலீஷ்ல எப்படிடி சொல்றது?”