துரைசாணி கொடுத்த காது

அந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டதும் நான் முதலில் கேட்டது என் கணவரின் குரலை அல்ல, என் சேலையின் சத்தத்தை. முறத்தில் யாரோ அரிசி புடைப்பதுபோல் நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரே சரசரப்பு. பயந்துபோய்ப் பிடுங்கி எறியப் போனேன். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வாய் அசைந்தது. நடுவில் ஓர் இரைச்சல், அதற்குள் எங்கோ அவர் குரல்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம் அது. மலாக்காவில் காஜா பெராங்கில், கம்போங் செட்டிக் குடியிருப்புக்குப் பக்கத்து வரிசையில் வாடகைக்கு இருந்தோம். கணவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் கார் டிரைவர். துரையும் துரைசாணியும் ஊருக்குப் போவதற்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். துரைசாணிக்கும் என்னைப் போலக் காது மந்தம். சீமையிலிருந்து அவளுக்குப் புதுக் கருவி வந்துவிட்டதால், பழையதை என் கணவரிடம் கொடுத்திருந்தாள். சிகரெட் டின் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் காதுக்குள் வைக்கும் ஓர் அடைப்பான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம்.

நான் முழுச் செவிடு அல்ல. இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு காய்ச்சல் வந்தது. காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுத்தார்கள். காதைக் கெடுத்தது காய்ச்சலா கொய்னாவா என்று யாருக்கும் தெரியாது. அதன் பிறகு எல்லோரும் எனக்குத் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசினார்கள். உதட்டைப் பார்த்துப் பாதி, ஊகித்துப் பாதி என்று காலம் போயிற்று. அவசரமென்றால் கத்துவார்கள்.

கருவியோடு ஒத்துப்போவது லேசான காரியமாக இல்லை. அடைப்பான் துரைசாணியின் காதுக்கு அளவெடுத்துச் செய்தது. என் காதில் ஒரு பக்கம் குத்தியது, மறுபக்கம் இடைவெளி விட்டது. அந்த இடைவெளி வழியாகப் பெட்டி வீலென்று கத்தும். எனக்கு அது கேட்காது, பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். பூனைகூட எழுந்து போய்விடும்.

அதைச் சரிசெய்தது பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள்தான். சாமி எங்கள் சாமிதான், பேச்சு மட்டும் மலாய். நான் அவரைப் பிபிக், அத்தை, என்று கூப்பிடுவேன். மணி கோத்துத் தைக்கும் நூலுக்குத் தேய்க்கிற மெழுகை விரலில் உருட்டி, அடைப்பானைச் சுற்றி ஒட்டி, என் காதில் வைத்து அழுத்தினார். கத்தல் நின்றது. சேலை உரசாமலிருக்கப் பிளானல் துணியில் ஓர் உறை தைத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார். பிறகு பின்னால் போய் நின்றுகொண்டு மெதுவாக, "டெங்ஙார் தாக்?" என்றார்.

கேட்கிறது என்று திரும்பிச் சொன்னேன். இருவரும் சிரித்தோம். அவருக்கு ஏன் கண் கலங்கியதென்று நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வந்தார். குருபோங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை, ஞாயிறென்றால் சைக்கிளில் வந்துவிடுவார். எனக்குப் பெட்டி வந்தது அவருக்குத் தெரியாது. உறை முந்தானைக்குள் இருந்தது, ஒயர் கொண்டைக்குக் கீழே மறைந்திருந்தது. கணவரும் மறந்துபோனாரோ என்னவோ, இருவரும் வழக்கம்போல என் முன்னாலேயே உட்கார்ந்து பேசினார்கள். நான் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

கத்தி பலகையில் படும் ஒவ்வொரு தடவையும் வெடி வெடித்தது. இரண்டு வெடிக்கு நடுவில் "கப்பல்" என்ற சொல் வந்தது. கத்தியை நிறுத்தினேன்.

"தொரை போயிட்டா எனக்கு வேலை இல்ல மச்சான். சுதந்திரம் வந்தா நம்மள வெச்சிருப்பாங்களோ, பேக் பண்ணி அனுப்புவாங்களோ. யாருக்குத் தெரியும்?"

"அதான் சொல்றேன் மாப்ளே. அவளையும் பிள்ளைங்களையும் மொதல்ல நாகப்பட்டினத்துக்கு அனுப்பிடுங்க. நானும் கெளம்பற ஆளுதான். கூடவே கூட்டிட்டுப் போறேன்."

"அவகிட்ட எப்படிச் சொல்றது?"

"ஏறச் சொன்னா ஏறப் போறா லா."

மறுபடி நறுக்கத் தொடங்கினேன். துண்டுகள் கோணல்மாணலாக விழுந்தன. நான் மலாக்காவில் பிறந்தவள். நாகப்பட்டினத்தில் என் தாத்தாவின் தம்பி வீடு இருப்பதாகச் சொல்வார்கள். இருந்தவர்கள் இருக்கிறார்களா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

அடுத்த நாட்களில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூட்டிய வீட்டையே மறுபடி கூட்டினேன். கணவர் வாய் திறந்தால் சக்கரத்தைத் திருப்புவேன், மூடினால் அணைப்பேன். பேட்டரி தீர்ந்துபோனால் மிச்சத்தை எப்படித் தெரிந்துகொள்வது? கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பக்கத்து வீட்டு ரேடியோவும் வாசலில் போன சைக்கிள் மணியும்தான் கிடைத்தன. ஒரு காலையில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலுள்ள பிள்ளையாரிடம் போனேன். முறையிட வேண்டுமென்றுதான் போனேன். கோயில் மணி அடித்ததும் மண்டைக்குள் இடி இறங்கியது. வெளியே வந்தால் பட்டறைகளில் சுத்தியல் அடி. அடைப்பானை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு தெருவோரம் நின்றேன். மௌனமும் பிடிக்கவில்லை, சத்தமும் பிடிக்கவில்லை. சாமியிடம் எதுவுமே சொல்லாமல் வீட்டுக்கு நடந்தேன்.

அன்று மதியம் கணவர் வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன்.

"ஏங்க, என்னை எப்பக் கப்பல் ஏத்தப் போறீங்க?"

அவர் திரும்பினார். பழக்கத்தில் கத்துவதற்காக வாயைப் பெரிதாகத் திறந்தார். என் காதிலிருந்த ஒயரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தினார்.

"கேட்டுட்டியா?" என்றார். அவ்வளவு தணிந்த குரலில் அவர் என்னிடம் பேசி வருடங்கள் ஆகியிருந்தன.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? இதைக் கத்தியா சொல்ல முடியும்? நாலு வீட்டுக்குக் கேக்கும். எனக்குப் பயமா இருக்குன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி பொண்டாட்டிகிட்டச் சொல்லவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமாக அவர் என்னிடம் சொன்னதெல்லாம் கத்திச் சொல்லக்கூடியவை மட்டுமே. சோறு போடு. மழை வருது. பையன் விழுந்துட்டான். மற்றதையெல்லாம் அவர் தன்னோடே வைத்துக்கொண்டிருந்தார்.

அடுப்பங்கரைப் பலகைகளில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் வேலையைப் பற்றிச் சொன்னார், காலையில் எழும்போதே வரும் பயத்தைப் பற்றிச் சொன்னார். நடுநடுவே நான், "மெல்லப் பேசுங்க, இரையுது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு அழுதார்.

"நான் ஏற மாட்டேங்க. இருந்தா எல்லாரும் இங்க இருப்போம், போனா எல்லாரும் போவோம். நீங்க இங்க தனியா என்னா செய்வீங்க?"

"வேலை?"

"உங்களுக்கு ஓட்டத் தெரியும். வெள்ளைக்காரன் வண்டி மட்டுந்தான் ரோட்டுல ஓடுதா?"

எனக்கு அவ்வளவு தைரியம் இருந்ததென்று நினைக்காதீர்கள். துரை போனபின் சில மாதம் சிரமப்பட்டோம். பிறகு ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் மூவார் ரோட்டில் லாரி ஓட்டக் கிடைத்தது. யாரும் எங்களை அனுப்பவில்லை. ஆனாலும் கதவு தட்டும் சத்தம் கேட்டால் ரொம்ப நாள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். முன்பானால் அந்தச் சத்தமே எனக்குக் கேட்டிருக்காது.

அண்ணன் மட்டும் சொன்னபடியே கிளம்பினார். வழியனுப்பப் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் வரை போனோம். அண்ணி பிள்ளைகளோடு உள்ளே போய்விட்டாள். அண்ணன் கப்பல் கம்பியில் சாய்ந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து என்னைப் பார்த்து என்னவோ கத்தினார். கடற்காற்று பெட்டியில் மோதி உறுமிக்கொண்டிருந்தது. சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே உறுமல்தான். உதட்டைப் படிக்கலாமென்று பார்த்தேன். பெட்டி வந்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"என்னா சொன்னாரு?" என்று கணவரைக் கேட்டேன்.

"கப்பல் சங்கு ஊதிடிச்சி. எனக்கும் சரியாக் கேக்கல" என்றார்.

நான் தலையை ஆட்டினேன், கேட்டுவிட்டதுபோல. அண்ணனும் திருப்தியாகக் கையை இறக்கினார்.