அத்தைக்கு இரண்டு முறை வந்த அம்மை

மலாயாவின் சுதந்திர நாளான மெர்டேக்கா நெருங்கிக்கொண்டிருந்த அந்த வருடம், மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் தெருவே ஃபுளூ காய்ச்சலில் படுத்து எழுந்தது. அப்பாவின் தங்கையான அத்தைக்கு மட்டும் காய்ச்சல் விட்ட பிறகும் உடம்பு தேறவில்லை. விரல் முட்டிகள் வீங்கின. மூக்கின் இருபுறமும் கன்னங்கள் சிவந்தன. மாரியம்மன்தான் வந்திருக்கிறாள் என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். முத்து ஒன்றையும் காணோமே என்று அப்பா கேட்டதற்கு, உள்ளுக்குள் போட்டிருக்கும் என்று பதில் தயாராக இருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வாசலில் வேப்பிலை! சாமி எங்கள் வீட்டுக்குள்! தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் தமிழ் வம்சத்தவரான பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மாள் தமிழ் தெரியாவிட்டாலும் மாரியம்மனை நன்றாகத் தெரிந்தவர். இளநீரோடு வந்து மலாயில் வேண்டிக்கொண்டு போனார். ஒரே ஒரு சங்கடம். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, மருந்து கூடாது, ஊசி நூல் தொடவும் கூடாது. மெர்டேக்காவுக்கென்று அத்தை எனக்குத் தைத்துக்கொண்டிருந்த கவுன் ஒரு கை இல்லாமல் ஆணியில் தொங்கியது. சாமி வந்ததில் சந்தோஷம்தான், மெர்டேக்காவுக்குள் கிளம்பிவிட்டால் இன்னும் சந்தோஷம் என்று மாரியம்மனிடமே சொல்லிவைத்தேன்.

அவளும் கேட்டுக்கொண்டாள். சிவப்பு வடிந்தது. வேப்பிலைத் தண்ணீர் ஊற்றியதும் அத்தை முதல் வேலையாகக் கவுனை எடுத்தாள். ஊசி பிடிக்க விரல் மடங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தைத்து முடித்தாள்.

மெர்டேக்கா அன்று கடலோரத் திடலில் நல்ல கூட்டம், சுள்ளென்ற வெயில். நானும் அத்தையும் தொண்டை கிழிய "மெர்டேக்கா" என்று கத்தினோம். அத்தனை ஆனந்தம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

மறுநாள் அத்தையால் பாயை விட்டு எழ முடியவில்லை. கன்னங்கள் முன்னைவிடச் சிவந்திருந்தன. வேப்பிலை மறுபடி வாசலேறியது. நான் புதுக் கவுனை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஓடி, எங்கள் அத்தைக்கு மாரியம்மன் இரண்டாவது முறையாக வந்திருக்கிறாள் என்று பெருமையடித்தேன். யார் வீட்டுக்கு இப்படி வந்திருக்கிறாள்? ஆனால் ஒருவர்கூட இளநீர் கொண்டுவரவில்லை. செட்டி அம்மாள் மட்டும் விறுவிறுவென்று வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா வேப்பிலையை அவிழ்த்தார்.

"ஒருத்தருக்கு அம்மை ரெண்டு தரம் போடாது லா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"அப்ப எனக்கு என்னாண்ணே வந்திருக்கு?" என்றாள் அத்தை.

அப்பா டாக்சிக்குச் சொல்லிவிட்டு வந்தார். காய்ச்சலை விரட்டக் கிளம்பிய உடம்பு, அது போன பிறகும் ஓயாமல் தன்னையே தாக்குகிற நோய், வெயில் பட்டால் சீறும் என்றெல்லாம் டாக்டர்கள் சொன்னது வெகு காலம் கழித்து.

டாக்சி வந்தது. அப்பா அத்தையைத் தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைத்தார். தெருவே வாசலில் நின்றது. சாமியை டாக்சியில் ஊர்வலம் கொண்டுபோகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அம்மா அழுவதுகூடப் பக்தியில் என்று எண்ணி, கைதட்டிக்கொண்டே தெருமுனை வரை டாக்சியின் பின்னால் ஓடினேன்.