பாப்பா விழுங்கிய ஒரு பைசா

எழுபதுகளின் நடுவில் தி.நகரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். என் கணவருக்குக் கிண்டியில் வேலை. மனுஷருக்கு ஒரே ஒரு பைத்தியம், அச்சு பிசகிய காசுகள். பஸ்ஸில் வாங்கும் சில்லறையைக்கூடப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். எண் இரட்டையாக விழுந்தது, சிங்கம் ஓரமாக ஒதுங்கியது என்று ஏதாவது கிடைத்தால் போதும், பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுவார். நண்பரிடம் இரவல் வாங்கிய காமிராவில் கூடுதலாக ஒரு லென்ஸ் மாட்டிப் படமும் எடுப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலோரம் சதுரமான அலுமினிய ஒரு பைசா ஒன்றை வைத்திருந்தார். ஒரு மூலை வெட்டுப்பட்டு, முள் மாதிரி கூராக நீட்டிக்கொண்டிருக்கும். முந்தின வாரம் எடுத்த படத்தில் நிழல் விழுந்துவிட்டதாம், அதனால் மறுபடியும் எடுக்கிறார். வெயிலைத் திருப்பிவிடும் கண்ணாடியை நகர்த்த அவர் எழுந்தார். திரும்பி வந்து காமிராவில் கண்ணை வைத்தால், காசைக் காணோம். பக்கத்தில் எங்கள் இரண்டு வயதுப் பெண் எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். டாக்ஸிக்காரர் திரும்பிப் பார்த்தார். "கொயந்த அயுவுதுல்ல? அப்ப மூச்சு கீது. நீ பயப்படாதம்மா" என்று சொல்லிக்கொண்டே ராயப்பேட்டைக்குப் பறந்தார். வழியெல்லாம் கணவர்மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். வாயைத் திறந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வயதான ஒரு லேடி டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "தொண்டைக்குக் கீழ சிக்கியிருக்கு. அலுமினியம், மங்கலாத்தான் தெரியுது. ஓரமெல்லாம் வழவழன்னுதானே இருக்கும்?" என்று கேட்டார்.

கணவர் சட்டைப் பையிலிருந்து போன வாரத்துப் படத்தை எடுத்தார். ஆபீசில் எல்லோருக்கும் காட்டப் பையிலேயே வைத்திருந்தார் போல. போஸ்ட் கார்டு அளவுக்குப் பெரிதாகத் தெரிந்த அந்தக் காசில், கூர்முனையை விரலால் தொட்டுக் காட்டினார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லவேளை காட்டினீங்க. வயித்துக்குள்ள தள்ளிவிட்டா தானா போயிடும்னு நெனச்சேன். இந்த முனைய வச்சிக்கிட்டு அது கூடாது. வாய் வழியாத்தான் எடுக்கணும், அதுவும் பார்த்து எடுக்கணும்."

படத்தைக் கையோடு உள்ளே கொண்டுபோனார். வெளியே பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கணவர் என் கையைப் பிடிக்க வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கே போனதோ, நானே பிடித்துக்கொண்டேன்.

மயக்கம் தெளிந்து பாப்பா "அப்பா" என்றுதான் கூப்பிட்டாள். டாக்டர் பஞ்சில் சுற்றி நீட்டிய காசைக் கணவர் வாங்கவே இல்லை. "அப்போ இந்தப் படத்தை நான் வச்சிக்கட்டுமா?" என்று சிரித்தார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் தான் சேர்த்த காசையெல்லாம் டப்பாவில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. சில மாதம் கழித்து, காய்கறிக்காரம்மா கொடுத்த சில்லறையில் எழுத்து இரட்டையாக விழுந்த காசு ஒன்று வந்தது. முந்தானையில் முடிந்து கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். முகம் மலர்ந்தது. ஆனால் உடனே கையை மூடிக்கொண்டு, "பாப்பா எங்கே?" என்றார்.

ஒரு மனிதருக்கு எத்தனை பைத்தியம் இருந்தாலும், அவர் மனசில் முதல் இடம் யாருக்கு என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்த ஒரு கேள்விதான். இத்தனை வருஷ வாழ்க்கையில் அவர்மேல் கோபம் வரும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்கிறேன்.