சீட்டில் எழுதியிருந்த நியூரால்ஜியா

மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழிக்கும் வேலை எனக்கு. அங்கே ஒரு பழக்கம் உண்டு. புதுச் சரக்கு வந்தால் அதில் ஒட்டியிருக்கும் பெயரை நம்ப மாட்டோம். ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் கொளுத்துவோம். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருண்டையாகத் திரண்டால் வேறு ஏதோ கலந்திருக்கிறது. சந்தேகப்படுவதற்குத்தான் உனக்குச் சம்பளம் என்பார் முதலாளி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் என் மனைவிக்கு வலது கன்னத்தில் வலி வந்தது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவள் காதோடு சொல்லச் சொல்ல, நான் டாக்டரிடம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பல பெண்கள் அப்படித்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் அவளை நிமிர்ந்து பார்க்காமலே சீட்டில் ஒரு சொல்லை எழுதி, கீழே மருந்தை எழுதினார்.

எங்களுக்கு முன்னால் போனவரிடம் "ஜலதோஷம்தான், போய்யா" என்று தமிழில் சொன்னவர் அவர். சின்ன நோயைத் தமிழில் சொல்லிவிடுவார்கள், பெரிய நோயை இங்கிலீஷில் எழுதி மறைப்பார்கள் என்பது என் எண்ணம். கம்பவுண்டரிடம் சீட்டைக் காட்டினேன்.

"நியூரால்ஜியா. பயப்பட ஒண்ணுமில்லீங்க."

நான் கேட்காமலே அதை ஏன் சொன்னார்? அந்த நிமிடமே பயந்துவிட்டேன். இரண்டு பாட்டில் மிக்சர் தீர்ந்தும் வலி தீரவில்லை. அவள் கஞ்சி மட்டுமே குடித்தாள். பிழைக்க மாட்டாளோ என்று நினைத்தேன். சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

"பையில என்ன பேப்பருங்க? பத்து நாளா தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிறீங்க" என்றாள் அவள்.

"கடைச் சீட்டு."

"கடைச் சீட்டுக்கா மூஞ்சி இப்படி வெளிறுது?"

அந்த வாரம் கல்லூரி வாத்தியார் ஒருவர் சட்டைத்துணி எடுக்க வந்தார். என்னைவிட இளையவர். பாதிரியாராகப் போய், வேதத்துக்காகக் கிரேக்கம் எல்லாம் படித்து, பிறகு வேண்டாமென்று வெளியே வந்தவர் என்று கடையில் பேச்சு. யாரிடமும் வாய் திறக்காத நான், துணியை மடித்துக் கொடுத்தபோது சீட்டையும் நீட்டினேன்.

"இது கிரேக்கம்ணே. ரெண்டு சொல்லு சேந்தது. நியூரான்னா நரம்பு. அல்கோஸ்னா வலி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நரம்பு வலி. அவ்வளவுதான்."

"நீங்களும் மறைக்கிறீங்களா சார்?"

சிரித்துவிட்டார். "டெலிபோனும் கிரேக்கம்தான். டெலின்னா தூரம், போன்னா குரல். தெர்மாமீட்டர்னா சூட்டை அளக்கிறது. பேரைக் கேட்டா மலைப்பா இருக்கும்ணே. பிரிச்சா உள்ள சாதாரண சங்கதிதான்."

பஸ்ஸில் ஸ்ரீரங்கம் திரும்பும்போது காவேரிப் பாலத்தில் எனக்குச் சுருக்கென்றது. "கன்னத்துல நரம்பு வலிக்குதாம் சார்" என்று டாக்டரிடம் சொன்னவனே நான்தான். அதையே கிரேக்கத்தில் எழுதித் திருப்பித் தந்திருக்கிறார். அவர் எதையும் மறைக்கவில்லை. எதையும் பார்க்கவுமில்லை. சரி, நரம்பு என்று என் காதில் சொன்னது அவள். நரம்புதான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை மறுபடி அழைத்துப் போனேன். இந்த முறை நான் பின்னால் நின்றுகொண்டேன்.

"நரம்புன்னு நான் சொன்னது தப்பா இருக்கலாம் சார். நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

"எனக்கே வைத்தியம் சொல்ல வந்துட்டியா?" என்றார். ஆனாலும் டார்ச்சை எடுத்தார். "வாயைத் தொறம்மா."

அவள் முந்தானையை இறுக்கிக்கொண்டாள். அவர் இரண்டு முறை அதட்டிய பிறகே திறந்தாள். மேல் கடைவாய்ப் பல்லில் மிளகு நுழையும் அளவுக்கு ஓட்டை.

"ஏம்மா, இதை ஏன் சொல்லலை?"

"மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடும்னு சொல்லுவாங்க. அதான் நரம்புன்னு சொன்னேன்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

கண் போகாது என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். அவள் நம்பவில்லை. வலி தாங்காமல்தான் சம்மதித்தாள்.

திருச்சியில் பல்லை எடுத்துவிட்டு, வாயில் பஞ்சோடு பஸ்ஸுக்கு நின்றோம். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மலைக்கோட்டை உச்சியைப் பார்த்தாள். பிறகு மறு கண்ணைப் பொத்தினாள். பஸ் வரும்வரை அதையே செய்தாள். நான் பையிலிருந்த சீட்டை எடுத்து நீட்டி, "இது தெரியுதா பாரு" என்றேன்.

வலது கண்ணால் பார்த்தாள். இடது கண்ணால் பார்த்தாள். அப்புறம் இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்து, "இதுதானா கடைச் சீட்டு?" என்றாள்.