களத்தில் ஊற்றிய இரண்டு கேன்

"இத களத்துல ஊத்துனா பக்கத்துல பயிரு கெட்டுப்போகுமா, தங்கச்சி?" என்று அண்ணன் கேட்டான்.

"ஒண்ணும் ஆகாதுண்ணே. இது மணல்தான். ரொம்பப் பொடி மணல்" என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன். ஆராய்ச்சி செய்து கண்டறிந்தவள் போலச் சொன்னேன். அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில் இருக்கிறது. வானம் பார்த்த கரிசல் நிலம்; காடு என்றுதான் நாங்கள் சொல்வோம். அண்ணன் அங்கே பருத்தியும் மிளகாயும் போடுகிறான். நான் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி, சென்னைக்கு வெளியே ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு ரசாயனங்கள் தயாரிக்கும் கம்பெனி.

பூமிக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குள் எண்ணெயும் வாயுவும் அடைபட்டுக் கிடக்கும். பெரிய அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்திப் பாறையைப் பிளந்தால் அவை வெளியே வர வழி கிடைக்கும். ஆனால் அந்தப் பாறையில் களிமண் மிகுந்திருந்தால், தண்ணீர் பட்டதும் அது உப்பி, திறந்த வழியைத் தானே அடைத்துவிடும். அதைத் தடுக்க ஒரு திரவம் தயாரிப்பது எங்கள் குழுவின் வேலை. அதில் சிலிக்காவின், அதாவது மணலின், நானோ துகள்கள் மிதக்கும். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கிவிடலாம், அவ்வளவு சிறியவை. களிமண்ணின் நுண்துளைகளில் போய் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும்.

சோதனைக்கு நன்றாக உப்பும் மண் வேண்டியிருந்தது. எங்கள் கரிசலை விட நன்றாக உப்பும் மண் எது? அண்ணனிடம் சொன்னேன். ஒரு உரச்சாக்கு நிறைய அள்ளி பார்சலில் போட்டுவிட்டான்.

இரண்டு கண்ணாடிக் குழாய்களில் அந்த மண்ணைப் போட்டு, ஒன்றில் வெறும் தண்ணீரும் மற்றதில் எங்கள் திரவமும் ஊற்றினேன். தண்ணீர் ஊற்றியது இட்லி மாவு போலப் பொங்கி மேலே வந்தது. திரவம் ஊற்றியது போட்ட இடத்திலேயே இருந்தது. செல்போனில் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினேன். அன்றைக்கே கூப்பிட்டான்.

"உப்பலேன்னா கோடையில வெடிக்கவும் செய்யாதுல்லா?"

"வெடிக்காது."

"அப்பம் நம்ம களத்துக்கு ஆகும்லா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. பங்குனி, சித்திரையில் மிளகாயைக் காயப்போடும்போது களம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் விழுந்த வத்தலைக் குச்சியால் நோண்டி நோண்டி அண்ணன் மனைவி, என் மதினிக்கு முதுகு விட்டுப்போகும். சோதனை முடிந்து கொட்டுவதற்கு வைத்திருந்த திரவத்தில் இரண்டு கேன்களை, யாரிடமும் சொல்லாமல் காரில் வைத்து ஊருக்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் அண்ணன் பயிரைப் பற்றிக் கேட்டான். நானும் மணல்தான் என்றேன்.

அந்தக் கோடையில் களம் வெடிக்கவில்லை. அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தார்கள். "எந் தங்கச்சி கண்டுபிடிச்சதாக்கும்" என்று அண்ணன் எல்லோரிடமும் சொன்னானாம். எங்களுக்கும் தர முடியுமா என்று இரண்டு பேர் எனக்கே போன் செய்தார்கள். அடுத்த முறை வரும்போது பார்க்கலாம் என்றேன். பெருமையாக இருந்தது.

ஐப்பசியில் நல்ல மழை. பொங்கலுக்கு நான் போனபோது எங்கள் காடு பச்சையாக நின்றது, களத்தை ஒட்டிய பள்ளத்தைத் தவிர. அங்கே ஒரு வண்டி நிறுத்தும் அளவுக்கு வெறும் மண். மிளகாயும் இல்லை, களைகூட இல்லை. தேங்கிய தண்ணீர் உள்ளே இறங்காமல் வெயிலில் வற்றி, மேலே வெளுத்த ஏடு படிந்திருந்தது.

அண்ணன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் மதினியிடம் கேட்டேன்.

"மழ தண்ணி களத்துல இருந்து அங்கனதான் எறங்குச்சு. ரெண்டு தடவ நாத்து நட்டோம். ரெண்டும் கருகிப் போச்சு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கண்ணன் உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாவ. நீ சங்கடப்படுவியாம்" என்றாள்.

ஒரு பையில் அந்த மண்ணை எடுத்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பினேன். வீட்டுப் பால்கனியில் தொட்டிகள் வைத்துப் பருத்தி விதை ஊன்றினேன். நல்ல மண்ணில் ஒன்று, சிலிக்கா மட்டும் கலந்த மண்ணில் ஒன்று, முழுத் திரவம் ஊற்றிய மண்ணில் ஒன்று, ஊரிலிருந்து கொண்டுவந்த மண்ணில் ஒன்று. சிலிக்கா மட்டும் கலந்ததில் முளை தாமதமாக வந்தது. கடைசி இரண்டிலும் வரவே இல்லை. துகள்களின் மேல் நாங்கள் பூசும் பூச்சு, அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சேர்க்கும் சோப்பு, அதோடு உப்பு, இத்தனையும் அந்தத் திரவத்தில் இருந்தன. தினமும் நானே அளந்து ஊற்றியவை. அண்ணன் கேட்டபோது அவற்றில் ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை.

மேலதிகாரியிடம் தொட்டிகளின் படத்தைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "இது மூணு கிலோமீட்டர் கீழ போற சமாச்சாரம்மா. அங்க யாரு பருத்தி போடப் போறா?" என்றார்.

"அனுப்புற தண்ணியில ஒரு பங்கு திரும்ப மேல வருமே சார்?"

"அத சுத்தம் பண்றதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் என் அறிக்கையில், மேல்மண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என ஒரு பத்தி எழுதிச் சேர்த்தேன். திரும்பி வந்த பிரதியில் அந்தப் பத்தி இல்லை. அதை மறுபடி சேர்க்கச் சொல்லி நான் கேட்டிருக்க வேண்டும். கேன்களை எடுத்துப்போனது தெரியவந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். திரவம் இப்போது கிணறுகளுக்குப் போகிறது. நானும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணனிடம் மட்டும் ஊருக்குப் போய் நேரில் சொன்னேன். எனக்குத் தெரியாமல்தான் அன்றைக்கு அப்படிச் சொன்னேன் என்றேன்.

மண்வெட்டியைத் தரையில் ஊன்றி நின்று கேட்டான். "நீ வேணும்னா செஞ்ச? விடு. கம்மாயில கரம்ப அள்ள விடுதாவ. நாலு வண்டி அடிச்சாச் சரியாப் போவும்" என்றான்.

மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, கண்மாயிலிருந்து கரம்பை வண்டலைக் கொண்டுவந்து அடித்தான். போன வருஷம் அந்த இடத்தில் கம்பு வந்தது, உயரம் கம்மியாக.

முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் என்னைக் கூப்பிடுவான். காய்ப்புழுவுக்கு என்ன மருந்து, இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கலாமா, அம்மாவின் பிரஷர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னே கொடுப்பதா பின்னே கொடுப்பதா என்று கேட்பான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறான். மழையைப் பற்றிச் சொல்வான். மகள் படிப்பைப் பற்றிச் சொல்வான். என்னிடம் எதையும் கேட்பதில்லை.

போன மாதம் மதினி போனில் பேச்சுவாக்கில் சொன்னாள். விதையில் பூஞ்சாணம் பிடிக்காமல் இருக்க என்ன கலப்பது என்று கேட்க, விளாத்திகுளத்தில் உரக்கடைக்கு அண்ணன் பஸ் ஏறிப் போனானாம். வாங்கிவந்த பொடி எது, கிலோவுக்கு எவ்வளவு கலக்கச் சொன்னார்கள் என்று மதினியிடம் கேட்டேன். உள்ளே போய் பாக்கெட்டை எடுத்துவந்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

கடைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.