கன்னத்துப் புண்

ராஜஸ்தானில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு நெய்வேலிக்குத் திரும்பினேன். அப்போது என் கன்னத்தில் ஒரு கொப்புளம். வலியில்லை, அரிப்பில்லை. போகப்போக நடுவில் குழி விழுந்து புண்ணாகிவிட்டது. மனைவி, பேரனைப் பார்த்துக்கொள்ள கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தாள். குவார்ட்டர்ஸில் பேசுவதற்கு டி.வி. மட்டும்தான்.

அதனால் மதியச் சாப்பாட்டு வேளைதான் எனக்கு வீடு. ஷிப்டில் நாங்கள் நால்வர், ஆளுக்கொரு மாவட்டம். கேரியர்களைத் திறந்து நடுவில் வைத்துவிட்டால் யாருடையது எது என்ற பேச்சே கிடையாது. என் சாம்பாரைக்கூடச் சாப்பிட்ட புண்ணியவான்கள்.

புண்ணைப் பார்த்த அந்த நால்வரில் ஒருவரான குறிஞ்சிப்பாடிக்காரர், “கரித்தூளு ஒத்துக்கலண்ணே. வேப்பெண்ணெய் தடவிக்கினே இருங்க” என்றார். சுரங்கத்தில் தும்மலுக்கும் தலைவலிக்கும் கரித்தூள்தான் காரணம். நானும் நம்பித் தடவினேன்.

ஆறவில்லை. புதுச்சேரியில் ஒரு தோல் டாக்டர் சதையைக் கிள்ளியெடுத்துச் சோதித்துவிட்டு, லீஷ்மேனியா என்றார். அந்த வறண்ட ராஜஸ்தான் ஊரின் மணல் ஈ கடித்துப் புகுந்த ஒட்டுண்ணி. கிருமியை விழுங்க வரும் இரத்த வெள்ளை அணுக்களுக்குள்ளேயே அது குடித்தனம் நடத்துமாம்.

“புண்ணு பெருசானதுக்குக் கிருமி மட்டும் காரணம் இல்லைங்க. அதோட உங்க உடம்பு போடுற சண்டையும்தான். தொட்டா ஒட்டாது, பயப்படாதீங்க” என்று புண்ணிலேயே ஊசி போட்டார்.

மறுநாள் சாப்பிடும்போது அத்தனையும் சொன்னேன். ஒட்டாது என்பதைத்தான் முதலில் சொன்னேன். அடுத்த நாள் மூன்று கேரியர்கள் நடுவில் இருந்தன. எனக்கு மட்டும் ஒரு பேப்பர் தட்டில் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். கரித்தூள் என்று நினைத்த வரைக்கும் என்னோடு ஒரே பாத்திரத்தில் கை நனைத்தவர்கள், வியாதியின் பெயர் தெரிந்ததும் பயந்துவிட்டார்கள். கோபம் வந்தது. அதைவிட அழுகைதான் வந்தது. கரி ஓடும் கன்வேயர் பெல்ட் பக்கம் போய்த் தனியாகச் சாப்பிடப் பழகினேன்.

சில மாதங்களில் புண் ஆறித் தழும்பானது. உடம்பு அந்தக் கிருமியோடு சண்டை போடப் பழகிவிட்டது, அநேகமாக இனி வராது என்றார் டாக்டர்.

ஒரு மதியம் குறிஞ்சிப்பாடிக்காரர் நான் இருந்த இடத்துக்கே தேடி வந்தார்.

“எங்க வூட்ல நெத்திலிக் கொழம்பு. வாங்கண்ணே, எல்லாரும் ஒக்காந்துகினு இருக்காங்க.”

இத்தனை நாளும் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஏங்கிக் கிடந்தேன்.

“சாப்பிட்டுட்டேன் தம்பி” என்றேன்.

திறக்காத என் கேரியர் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். இன்னொரு தரம் கூப்பிட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன்.